கப்பல் திருகோணமலையில் நிற்கும் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜூனில் சென்னையில் இருந்து கோர்டிலியா உல்லாசக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியது. அதற்கு முன்பும் எங்கள் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வந்ததுண்டு. ஆனால் தமிழ் பேசும் பயணிகளே கூட்டமாக வந்து இறங்கியபோது ஊருக்கு அது தனிச் சந்தோசம். அப்படி வருகிறவர்கள் பாதி நாளை வீணாக்கிவிட்டுத் திரும்பக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, இறங்கிய கையோடு சீகிரியா மலைக்கோட்டைக்கு வாகனம் பிடிப்பது. வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். உண்மையில் சுமார் நூறு கிலோமீற்றர், போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், வரவும் அதே அளவு. அங்கே ஏறுவதற்கு ஆயிரத்து இருநூறு படிகள். கப்பலை விட்டு இறங்கவும் கடவுச்சீட்டுச் சோதனை முடியவும் போகிற நேரத்தைக் கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் பெரும்பகுதியை வாகனத்துக்குள்தான் இருப்பீர்கள். சீகிரியா பார்க்க வேண்டிய இடம்தான். அதற்கு இன்னொரு பயணம் வையுங்கள். கிடைத்த ஒரு பகலை இந்த ஊருக்கே கொடுங்கள்.

சரி, ஊருக்குள் சுற்றுவது என்று முடிவெடுத்தாலும் வரிசை பிழைத்தால் கெட்டுப்போகும். கடற்கரை, கடைத்தெரு எல்லாம் முடித்துவிட்டுக் கோணேசர் கோவிலைக் கடைசிக்கு வைக்கிறார்கள். மதியப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள், பிறகு மாலையில்தான் திறப்பார்கள். கப்பல் மாலையே புறப்படுமென்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே இறங்கியதும் முதலில் கோவில். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூன், ஜூலையில் இங்கே கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று அனல் போல வீசும். பன்னிரண்டு மணி வெயிலில் கோவில் இருக்கும் சுவாமி மலைக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பாடு. தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடையும் ஒரு போத்தல் தண்ணீரும் கட்டாயம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. குறைந்த விலை சொல்கிறவரை ஏற்றுக்கொண்டு போனால், "இது கோவில், அது இராவணன் வெட்டு (மலைப்பாறையில் உள்ள பிளவு), படம் எடுங்கள்" என்று அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவார். சம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் பழைய கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். இடிபட்ட தூண்கள் மலையடியில் கடலுக்குள் கிடப்பதை 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டார்கள். இன்று நாம் கும்பிடுவது, அத்தனைக்கும் பிறகு இந்த ஊர் மீண்டும் எழுப்பிக்கொண்ட கோவில். இந்தக் கதை தெரியாமல் மலையுச்சியில் நின்றால் நல்ல கடற்காட்சி ஒன்றுதான் கிடைக்கும். அதனால் சுற்றுலா அதிகார சபையின் அனுமதி அட்டை உள்ளவரா, தமிழில் விளக்குவாரா என்று முதலிலேயே கேளுங்கள். வாகனக் கட்டணம், நுழைவுச் சீட்டு, காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்த தொகையா என்பதையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள்.

கோவிலுக்குப் போகும் பாதை அந்தக் கோட்டைக்குள்ளால்தான் போகிறது, இப்போது அதன் பெயர் பிரெட்ரிக் கோட்டை. அங்கே இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை இருக்கிறது. காவலரண்களையும் முகாம்களையும் படம் எடுக்காதீர்கள், ட்ரோனை எடுத்து வரவே வேண்டாம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் கிட்ட வரும். பிள்ளைகள் ஆசையில் பிஸ்கட்டைப் பையோடு நீட்டுவார்கள். அந்தப் பொலித்தீன் பை மானின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து தடுத்துவிடுங்கள். இராவணன் வெட்டுப் பக்கம் மரத்தில் சிறு தொட்டில்கள் கட்டியிருக்கும். பிள்ளை வரம் கேட்டு யாரோ வைத்த நேர்த்தி அது, படத்துக்காகத் தொட்டு ஆட்டக்கூடாது.

அப்புறம் கன்னியா. நகரில் இருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றர். வெந்நீரூற்று என்றதும் இறங்கிக் குளிக்கும் தடாகத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் கழித்த இடம் என்பது ஐதீகம், இன்றும் இறந்தவர்களுக்காகக் கிரியை செய்ய வருகிறார்கள். சத்தம் போட்டு விளையாடாமல் இருந்தால் நல்லது. மாற்றுடை கொண்டுபோனால் அரை மணித்தியாலம் போதும்.

நிலாவெளிக் கடலில் உள்ள சிறு தீவான புறாமலையையும் அதே நாளில் சேர்க்கப் பார்க்காதீர்கள். நிலாவெளி வரை போய், சீட்டு எடுத்து, படகேறி, பவளப்பாறை பார்த்துத் திரும்ப அரை நாள் போய்விடும். கோவிலா புறாமலையா என்று ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். மாரி காலத்தில் கடல் கொந்தளிக்கும், அப்போது அந்தக் கேள்வியே இல்லை. கடலில் கால் நனைத்தால் போதுமென்றால் உப்புவெளிக் கடற்கரை கிட்ட இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானமும் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல இடம்.

இந்திய ரூபாயை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள், கொஞ்சம் இலங்கைப் பணம் மாற்றி வைத்திருங்கள். மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் "சைவக்கடை எங்கே" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

கடைசியாக, கடிகாரம். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் சில பயணங்களில் வேறுபடும். இறங்கும்போதே கப்பல் நேரத்துக்கு ஒரு கைக்கடிகாரத்தை வையுங்கள், கைத்தொலைபேசியை நம்பாதீர்கள், அது தானாகக் கரை நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பல் நிறுவனமே ஒழுங்கு செய்த சுற்றுலா தாமதித்தால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த ஓட்டோவுக்கு அது காத்திருக்காது. திரும்ப ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே துறைமுக வாசலில் நிற்க வேண்டும் என்று சாரதியிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.