கடன் தகராறும் திவால் மனுவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரக்கு அனுப்பியும் பணம் வராத நிறுவனங்கள் பல, எடுத்த எடுப்பிலேயே 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் கீழ் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை நாடுகின்றன. அடிப்படைத் தவறு இதுதான். கடன் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதைச் சாட்சிகளை விசாரித்து முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றத்தின் அல்லது நடுவரின் (ஆர்பிட்ரேட்டர்) பணி. கடன் பற்றி நேர்மையான தகராறும் வலுவான எதிர்வாதமும் இருந்தால் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட முடியாது என்று, பழைய 1956 கம்பெனிகள் சட்டத்தின் காலத்திலேயே, மதுசூதன் கோர்தன்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-இல் கூறியிருக்கிறது.

கடன்பட்ட நிறுவனங்கள் செய்யும் தவறு இதைவிடப் பரவலானது. என் பார்வையில் கூடுதல் ஆபத்தானதும்கூட. சரக்கின் தரம் சரியில்லை என்று தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு, எழுத்தில் ஒரு வரிகூட அனுப்பாமல் இருந்துவிடுகிறார்கள். நொடிப்புச் சட்டத்தின் பிரிவு 8-இன்படி, பாக்கியைச் செலுத்தக் கோரும் நோட்டீஸ் வந்த பிறகுதான் குறைகளை அடுக்குகிறார்கள். மொபிலாக்ஸ் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி, தகராறு அந்த நோட்டீசுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்காக வழக்கு ஏதும் நிலுவையில் இருக்க வேண்டியதில்லை; தகராறு வெறும் சாக்குப்போக்காக இல்லாமல், மேற்கொண்டு விசாரிக்கத்தக்கதாக இருந்தாலே மனு தள்ளுபடியாகும். ஆகவே குறை தெரிந்த அன்றே மின்னஞ்சல் அனுப்புவதும், சரக்கைத் திருப்பினால் டெபிட் நோட் (அத்தொகையைப் பாக்கியில் கழிப்பதற்கான சீட்டு) போடுவதும் இன்றியமையாதவை. தணிக்கையாளர் கேட்கிறார் என்று பாக்கி உறுதிக் கடிதத்தில் எந்த மறுப்பும் எழுதாமல் கையெழுத்திடுவதும், "அடுத்த மாதம் கொடுத்துவிடுகிறோம்" என்று எழுதுவதும், பிற்பாடு நீங்கள் எழுப்பும் தகராறை வலுவிழக்கச் செய்யும். கடனைக் கோருவதற்கான காலவரம்பு முடிவதற்குள் எழுதப்பட்டவையாக இருந்தால், அந்த மூன்றாண்டு வரம்பையும் புதிதாகத் தொடங்கிவைக்கும்.

நோட்டீஸ் கிடைத்த 10 நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். பதிலில் "கடனை மறுக்கிறோம்" என்ற ஒற்றை வரி பயன் தராது; எந்த இன்வாய்ஸில் என்ன குறை, அதை எப்போது தெரிவித்தோம் என்பதை ஆவணங்களுடன் காட்டுவதே பயன் தரும்.

கடன் கொடுத்தவர் பக்கத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. எதிர்த்தரப்பு அனுப்பிய புகார்க் கடிதங்களை மறைத்து, தகராறே இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வது பெரும் பிழை. மோசடியாகவோ தீய நோக்கத்துடனோ நடவடிக்கை தொடங்கினால், பிரிவு 65-இன் கீழ் 1 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2020 மார்ச் 24 முதல், மனு தாக்கல் செய்யத் தேவையான குறைந்தபட்சக் கடன் தொகை 1 கோடி ரூபாய் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கையில் நடுவர் தீர்ப்பு இருக்கிறது என்ற துணிவும் எப்போதும் போதாது. அத்தீர்ப்பை எதிர்த்த மனு நிலுவையில் இருந்தால் தகராறு தொடர்கிறது என்றே பொதுவாகக் கருத வேண்டும் என கே. கிஷன் வழக்கு (2018) தெளிவுபடுத்தியது.

தகராறு பற்றி மேலே சொன்ன எதிர்வாதம் சரக்கு, சேவை தொடர்பான செயல்பாட்டுக் கடன்களுக்கே பொருந்தும். வங்கிக் கடனுக்கு எதிராகப் பிரிவு 7-இன் கீழ் மனு வரும்போது இதே எதிர்வாதத்தை நம்பியிருப்பது தவறு. அங்கே கடன் இருக்கிறதா, அதைச் செலுத்தத் தவறியிருக்கிறார்களா என்பதையே தீர்ப்பாயம் முதன்மையாகப் பார்க்கும்.