துக்கத்துக்குப் பிறகு மறுபடி சர்ச்சில் பூசைக்குப் போக

ஞாயிறு பெரிய பூசையில் தொடங்காதீர்கள். வார நாள் காலைப் பூசைக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, சீக்கிரம் முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாங்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சை விட்டுப் பக்கவாசல் ஓரம் உட்கார்ந்தேன். அழுகை வந்தால் எழுந்து மாதா சொரூபம் வைத்த குகை போன்ற கெபிப் பக்கம் போய்விடலாம். நன்மை, அதாவது பூசையில் சாமியார் தரும் அப்பம், வாங்க வரிசையில் நிற்க முடியவில்லையா, உட்கார்ந்தே இருங்கள். "கடவுள் சித்தம்" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு "சரிக்கா" போதும்.

பாட்டுதான் ஆளைச் சாய்க்கும். அடக்கப் பூசையில் பாடியது என்றைக்காவது வந்தே தீரும். கைக்குட்டை போதாது, சின்னத் துண்டு வையுங்கள்.

தெம்பு வந்ததும் இறந்தவர் பெயரில் பூசைக் கருத்து, அதாவது பூசையில் அவருக்காக வேண்டச் சொல்லி, எழுதிக்கொடுங்கள். அப்புறம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைக்குத் தனியாகப் போவதைவிடக் கூட்டத்தோடு போவது எனக்கு எளிதாக இருந்தது. பூவும் மெழுகுவர்த்தியும் முந்தின நாளே வாங்கிவிடுங்கள், அன்றைக்கு விலை ஏறிவிடும்.