அனாமலி ஸ்கேனில் சிசுவின் இதயம்: நான்கு அறையோடு நிறுத்தாதீர்கள்

ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு, இதயக் கோளாறோடு பிறக்கின்றன. இவற்றின் தாய்மாரில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை நோயோ, குடும்பத்தில் இதயக் கோளாறோ இருப்பதில்லை. அதனால் சிசுவின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் 18–22 வார அனாமலி ஸ்கேனில் எல்லாச் சிசுக்களின் இதயத்தையும் முழுதாகப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் சிசுவின் இடப்பக்கம் எது என்று அது கிடக்கும் நிலையை வைத்து உறுதி செய்யுங்கள். புரோபை (வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியை) திருப்பிப் பிடித்திருந்தால் திரையில் இடம் வலமாகிவிடும். இரைப்பை, இதயம் இரண்டும் இடப்பக்கமே இருக்க வேண்டும். துடிப்பு நிமிடத்துக்கு 110–160.

இரு மேலறையும் இரு கீழறையும் சேர்ந்து தெரியும் நான்கு அறைப் படத்தில், இதயம் மார்பில் மூன்றில் ஒரு பங்கை அடைத்து, நுனி இடப்பக்கமாகச் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்கும். வலப்பக்க வால்வு நுனிக்குச் சற்று நெருங்கி இருக்கும். இரு வால்வும் ஒரே மட்டத்தில் தெரிந்தால் நடுச்சுவரில் குறை இருக்கலாம். ஒலிக்கற்றை சுவருக்கு இணையாகப் போனால் இல்லாத ஓட்டையும் தெரியும். பக்கவாட்டிலிருந்து இன்னொரு முறை பாருங்கள்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்கு நான்கு அறையும் அழகாகவே இருக்கும்! புரோபை மெல்லத் தலைப்பக்கம் சாயுங்கள். இடது கீழறையிலிருந்து பெருந்தமனி, வலதிலிருந்து நுரையீரல் தமனி. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும். தண்டவாளம்போல இணையாக ஓடினால் உடனே ஃபீட்டல் எக்கோவுக்கு (சிசுவின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேனுக்கு) அனுப்புங்கள். இந்தக் குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே நீலம் பாரிக்கலாம். இரு தமனிகளையும் இணைக்கும் குழாயை மூடாமல் வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தும், மேலறைச் சுவரைப் பலூனால் திறக்கும் வசதியும் உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும்.

கருவிலேயே சிகிச்சை பலனளிப்பது முக்கியமாகத் துடிப்புக் கோளாறில். நிமிடத்துக்கு 220-க்கு மேல் விடாமல் துடித்தால், தாய்க்கு இசிஜி பார்த்து, துடிப்பைச் சீராக்கும் டிகாக்சின் அல்லது ஃபிளெகைனைடு கொடுப்பார்கள். அது நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போகும். சிசுவின் உடலில் நீர் கோத்திருந்தால் டிகாக்சின் சரியாகப் போய்ச் சேராது. துடிப்பு 60-க்கும் கீழே நிலைத்தால், தாயின் ரத்தத்தில், சிசுவின் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைத் தாக்கக்கூடிய ஆன்டி-ரோ எதிர்ப்பொருளைத் தேடுங்கள். குறுகிய பெருந்தமனி வால்வைக் கருவிலேயே பலூனால் விரிக்கும் முயற்சி 1991-இல் லண்டனிலிருந்து வெளியானது. இன்றும் சில மையங்களில் மட்டுமே செய்கிறார்கள்.

சிசு குப்புறக் கிடந்தால் முதுகெலும்பின் நிழல் இதயத்தை மறைக்கும். தாயை இருபது நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் தெரியவில்லையா? ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று எழுதாதீர்கள். ‘பார்க்க முடியவில்லை’ என்றே எழுதி, ஒரு வாரத்தில் மீண்டும் வரச் சொல்லுங்கள்.