இணையக் குழுவுக்குச் சந்தா வைக்கும்போது செய்யும் தவறுகள்

இலவசமாக நடந்துகொண்டிருந்த ஓர் இணையக் குழுவைக் கட்டணக் குழுவாக மாற்றலாம் என்று முடிவானதும், அட்மின்களுக்குள் நடக்கும் முதல் விவாதம் 'எவ்வளவு வைக்கலாம்' என்பதுதான். இதேபோன்ற குழுக்கள் எவ்வளவு வாங்குகின்றன என்று பார்ப்பார்கள், உறுப்பினர்களிடம் ஒரு வாக்கெடுப்பு வைப்பார்கள், கடைசியில் யாரும் முகம் சுளிக்காத ஒரு தொகையில் வந்து நிற்பார்கள். சேரும் நாளை மட்டும் மனதில் வைத்துப் போடும் கணக்கு இது. கார்டிலிருந்து பணம் போகும் ஒவ்வொரு முறையும் 'இது இன்னும் வேண்டுமா' என்று உறுப்பினர் யோசிக்கிறார். அந்த நாளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து முளைப்பவை.

மிகக் குறைந்த விலையில் தொடங்குவோம். 'மாதம் ஒரு டாலர்தானே, யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள்' என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கார்டு பரிவர்த்தனைக்குப் பிடிக்கும் கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று தொகையில் ஒரு சதவீதம், மற்றொன்று தொகை எவ்வளவு சிறிதானாலும் மாறாத ஒரு பிடிப்பு. இணையத்தில் கார்டுப் பணத்தை வாங்கித்தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் அமெரிக்காவில் உள்நாட்டுக் கார்டுகளுக்கு வாங்கும் வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். ஒரு டாலர் சந்தாவில் சுமார் 33 சென்ட் அங்கேயே கழிந்துவிடும். 12 மாதத்துக்கு 4 டாலரை ஒட்டி வரும். அதே 12 டாலரை ஆண்டுக்கு ஒரே தடவையாக வாங்கினால் பிடிப்பு 65 சென்ட்தான். மாதம் 10 டாலர் என்றால் ஒவ்வொரு தடவையும் 59 சென்ட், அதாவது ஆறு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். விலையைக் குறைவாகத்தான் வைப்பேன் என்றால் மாதச் சந்தாவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

இந்தப் பிடிப்பை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியில் பெரிய நிறுவனமே தடுக்கி விழுந்திருக்கிறது. படைப்பாளிகளுக்கு ஆதரவாளர்கள் மாதாமாதம் பணம் கொடுக்க உதவும் தளம் பேட்ரியான். 2017 டிசம்பரில் அது, படைப்பாளிகளுக்குப் போகும் தொகையிலிருந்து கழிந்துவந்த பரிவர்த்தனைக் கட்டணத்தை ஆதரவாளர்களிடமே வசூலிக்கப்போவதாக அறிவித்தது. ஒவ்வோர் ஆதரவுத் தொகைக்கும் கூடுதலாக 2.9 சதவீதமும் 35 சென்ட்டும். ஒரு டாலர் கொடுத்துவந்தவர் 1.38 டாலர் கொடுக்க வேண்டும். 100 டாலர் கொடுப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்துவந்தவருக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அவர்களில் பலர் ஆதரவை நிறுத்தத் தொடங்க, ஒரு வார அளவிலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. குறைந்த தொகை கொடுப்பவர்களைத் தாக்கும் மாற்றத்தைச் சராசரியை வைத்து அளந்தால் இப்படித்தான் ஆகும். ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்களுக்கு விலையை ஏற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பழைய விலை எந்தத் தேதிவரை என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். 'பழையவர்களுக்கு என்றும் பழைய விலை' என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதிக்கொடுப்பது பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்தது பில்லிங் தேதி. எல்லோருக்கும் மாதம் முதல் தேதி பணம் எடுத்தால் கணக்குப் பார்க்கச் சுலபம், அதனால் அட்மினுக்குப் பிடித்துப்போகும். உறுப்பினர் பக்கம் நின்று பாருங்கள். 30-ம் தேதி சேருகிறார், உடனே ஒரு மாதக் கட்டணம் போகிறது, இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு மாதக் கட்டணம் போகிறது. அவர் முதலில் அனுப்பும் செய்தியே ரீஃபண்ட் கேட்டுத்தான் இருக்கும். சேரும்போது பணம் எடுக்காமல் அடுத்த முதல் தேதிவரை விட்டால் வேறு வகை ஆள் வருவார்: 3-ம் தேதி சேர்ந்து, பழைய பதிவுகளையெல்லாம் படித்து, கோப்புகளை இறக்கிக்கொண்டு, 28-ம் தேதி விலகிவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, விதியை நாம்தான் அப்படி எழுதினோம். சேர்ந்த தேதியிலேயே ஒவ்வொரு மாதமும் எடுப்பது இந்த இரண்டு சங்கடத்தையும் தீர்க்கும். வருமானம் மாதம் முழுக்கச் சிதறி வரும், அவ்வளவுதான்.

ஆண்டுச் சந்தாவுக்கு 'இரண்டு மாதம் இலவசம்' என்பது எழுதப்படாத சட்டமாகவே ஆகிவிட்டது. 12 மாதத்துக்குப் பத்து மாதக் காசு, அதாவது ஏறக்குறைய 17 சதவீதத் தள்ளுபடி. இது லாபமா நஷ்டமா என்பது ஒரே ஒரு எண்ணைப் பொறுத்தது: உங்கள் மாத உறுப்பினர் சராசரியாக எத்தனை மாதம் இருக்கிறார்? ஐந்து மாதத்தில் விலகுபவரிடம் பத்து மாதக் காசை முன்கூட்டியே வாங்குவது உங்களுக்கு லாபம். இரண்டு வருடம் இருக்கக்கூடியவருக்கு அதே தள்ளுபடி கொடுத்தால் கையிலிருந்த காசைத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். இந்த எண் தெரியும் முன் தள்ளுபடி அறிவிப்பது அவசரம். தொடங்கி ஆறு மாதமாவது மாதச் சந்தாவை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

ஜனவரியில் மொத்தமாக வந்த ஆண்டுப் பணம் வருமானம் போலத் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி இன்னும் செய்யாத வேலைக்கான முன்பணம். மார்ச்சுக்குள் செலவழித்துவிட்டு அக்டோபரில் மாடரேட்டருக்கு (குழுவில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்பவர்) சம்பளம் கொடுக்கத் திணறும் குழுக்கள் உண்டு. மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் செலவுக்கு எடுப்பது என்று வைத்துக்கொண்டால், நடுவில் குழுவை மூட நேர்ந்தாலும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

ஆண்டுப் புதுப்பிப்பு நாளைப் பற்றி உறுப்பினருக்கு நினைவூட்டாமல் விடுவது தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். சேர்ந்ததே மறந்துபோன ஒருவருடைய ஸ்டேட்மென்ட்டில், என்றோ கேள்விப்பட்ட ஒரு பெயரில், பெரிய தொகை போயிருந்தால் அவர் உங்களுக்கு எழுதமாட்டார், நேரே வங்கியில் புகார் செய்வார். தொகை திரும்பிப் போவதோடு, புகாரைக் கையாண்டதற்கென்று பேமென்ட் நிறுவனம் உங்களிடம் தனிக் கட்டணமும் பிடிக்கும். இப்படிப்பட்ட புகார்கள் கூடினால் கணக்கையே முடக்கவும் செய்யலாம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: தொகை, தேதி, நிறுத்துவதற்கான இணைப்பு. நாலு பேர் நிறுத்தத்தான் செய்வார்கள், செய்யட்டும். ஸ்டேட்மென்ட்டில் வரும் பெயர் குழுவின் பெயராகவே இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அட்மினின் பழைய கம்பெனிப் பெயர் வருவது நிறைய நடக்கிறது.

கார்டு மறுக்கப்படும்போது என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைக்காததுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. கார்டு காலாவதியாகியிருக்கும், அன்றைக்குக் கணக்கில் பணம் குறைந்திருக்கும், வங்கி சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கும். விலகும் எண்ணமே அவருக்கு இருக்காது. ஆனால் மென்பொருளின் அமைப்பு 'பணம் வரவில்லை என்றால் உடனே நீக்கு' என்று இருந்தால், மூன்று வருடம் இருந்த ஒருவர் நள்ளிரவில் குழுவின் எல்லா உரையாடல் அறைகளிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டிருப்பார். சினிமா பார்க்கும் சந்தா நின்றால் மறுபடி கட்டிக்கொள்வோம். நம்மோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் பெயர் காணாமல்போனால் அது வேறு மாதிரி உறுத்தும். பலர் அப்படியே திரும்பாமல் இருந்துவிடுவார்கள். பத்து நாளோ இரண்டு வாரமோ அவகாசம் வையுங்கள். அதற்குள் நாலைந்து நாள் இடைவெளியில் பணம் எடுக்க மென்பொருள் மறுபடி முயலட்டும். 'உங்கள் கார்டு மறுக்கப்பட்டது' என்ற தகவல் தனிச் செய்தியாகப் போகட்டும், பொது அறையில் எவருக்கும் தெரிய வேண்டாம்.

ஒருமுறை கட்டினால் என்றும் உறுப்பினர் என்ற வாழ்நாள் சந்தா விற்பவர்களுக்கு, மெட்டாஃபில்டர் என்ற இணைய விவாதக் குழுவின் கதை உதவும். அங்கே சேர ஒரே ஒருமுறை 5 டாலர் கட்டினால் போதும். விளம்பரத் தொல்லை செய்பவர்களையும் வம்பர்களையும் வாசலிலேயே நிறுத்த அந்த ஐந்து டாலர் அருமையாக வேலை செய்தது. குழுவை நடத்தும் செலவோ பெரும்பாலும் விளம்பர வருமானத்தில் ஓடியது. கூகுள் தேடலிலிருந்து வரும் கூட்டம் குறைந்து விளம்பரப் பணம் சரிந்ததும், 2014-ல் மாடரேட்டர்கள் சிலரை வேலையிலிருந்து விடவேண்டி வந்தது. உறுப்பினர்கள் மாதாமாதம் விரும்பிக் கொடுக்கும் பணத்தை நம்பும் நிலையும் வந்தது. ஒருமுறைக் கட்டணம் நல்ல வாயிற்காவல். மாதச் செலவுக்கு அதை நம்பக் கூடாது.

அடுக்குகள், அதாவது வெவ்வேறு விலைக்கு வெவ்வேறு சலுகை தரும் சந்தா வகைகள், பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு போதும், மூன்று அதிகபட்சம். மேல் அடுக்குக்கு 'மாதம் ஒருமுறை தனியாகப் பேசுவேன்' என்று வாக்குக் கொடுத்தால் இடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் வெற்றியே உங்களைக் கொன்றுவிடும்.

இலவசச் சோதனைக் காலமும் இங்கே அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஏழு நாளில் யாரும் நட்பாகிவிடுவதில்லை. முதல் மாதம் பணம் வாங்கிக்கொண்டு, பிடிக்கவில்லை என்றால் கேள்வி கேட்காமல் திருப்பித் தருவது மேல். சோதனைக் காலம் வைத்தே தீருவேன் என்றால், அது முடிந்து பணம் எடுப்பதற்கு முன் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று கார்டு நிறுவனமான விசா 2020 ஏப்ரலிலேயே விதி கொண்டுவந்துவிட்டது என்பதை மறக்காதீர்கள்.

செயலிக்குள் சேரும் வசதி தருவதற்கு முன் இன்னொரு கணக்கு. ஐபோன் செயலிக்குள் எடுக்கும் சந்தாவில் ஆப்பிளின் வழக்கமான கமிஷன் முதல் வருடம் 30 சதவீதம், அதே உறுப்பினர் தொடர்ந்தால் இரண்டாம் வருடத்திலிருந்து 15 சதவீதம். சிறு நிறுவனங்களுக்கான திட்டத்தில் சேர்ந்தால் தொடக்கத்திலிருந்தே 15. கமிஷனைவிடப் பெரிய தலைவலி, ரீஃபண்ட் உங்கள் கையில் இருக்காது என்பது. உறுப்பினர் உங்களைத்தான் கேட்பார், நீங்கள் ஆப்பிளைக் கைகாட்ட வேண்டியிருக்கும்.

பல நாட்டு உறுப்பினர்கள் இருந்தால் வரியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் மின்னணுச் சேவைக்கு, வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு மதிப்புக் கூட்டு வரிதான். இதை நீங்களே கணக்குப் பார்ப்பதைவிட, விற்பனையாளராகத் தானே நின்று வரியையும் கட்டித்தரும் சேவை ஒன்றுக்குச் சில சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது மலிவு. உங்கள் இணையப் பக்கத்தில் காட்டும் விலை வரியோடு சேர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

விலகும் பொத்தானை ஒளித்துவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் இணையத்திலேயே விலகும் பொத்தானையும் தெளிவாக வைக்கவேண்டும் என்பது சட்டம். பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'இரண்டு மாதம் நிறுத்திவை' என்று இன்னொன்றையும் வையுங்கள். தேர்வு, பிரசவம், வேலை மாற்றம் என்று கொஞ்ச நாள் ஒதுங்க நினைப்பவர்கள் அதைத் தொடுவார்கள். விலகியவருக்கு ஏற்கெனவே கட்டிய தேதிவரை அனுமதி இருக்கட்டும், அவர் எழுதிய பதிவுகளும் அப்படியே இருக்கட்டும். திரும்ப வரும்போது பழைய பெயரிலேயே நுழைய முடிகிறதா என்று நீங்களே ஒரு கணக்கு தொடங்கி, விலகி, மறுபடி சேர்ந்து பாருங்கள்.