சனியின் வளையத்தைப் பார்ப்பது எப்படி, அதன் ஓட்டத்தைக் கணக்கிடுவது எப்படி

மொட்டை மாடியில் டெலஸ்கோப் வழியே முதன்முதலாகச் சனியைப் பார்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அந்தத் தட்டு எப்படி விழாமல் நிற்கிறது?" என்றுதான். அது தட்டே இல்லை. தூசியளவிலிருந்து வீட்டளவு வரையிலான பனிக்கட்டிகள், ஒவ்வொன்றும் தனி நிலவுபோல, அவரவர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கையோடு கணக்கும் போட்டால்தான் வளையம் மனசில் நிற்கும்.

சூரியனுக்கு நேர் எதிரே சனி வரும் நாளையொட்டிய வாரங்கள் பார்ப்பதற்கு நல்லவை. 2026இல் அந்த நாள் அக்டோபர் 4. ஆண்டுதோறும் சுமார் இரண்டு வாரம் தள்ளிப்போகும். அன்று பொழுது சாயும்போது கிழக்கே எழும். மஞ்சள் சாயலுடன், அதிகம் மினுக்காமல் இருப்பதுதான் சனி.

முன்கண்ணாடி 70 மி.மீ. அகலமுள்ள டெலஸ்கோப் போதும். அதன் குவியத்தூரம் 700 மி.மீ. என்றால், 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 700ஐ 10ஆல் வகுத்து, 70 மடங்கு பெரிதாகத் தெரியும். வளையம் தெளிவாகத் தெரியும். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கருவியை வெளியே வைத்துவிடுங்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம் இரவு ஒன்பது மணி வரைகூட அனல் விடும். படம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். பொறுத்திருந்து, சனி உச்சிக்கு அருகில் வந்ததும் பாருங்கள். மோட்டார் இல்லாத முக்காலி என்றால் கிரகம் நகர்ந்து வெளியேறிவிடும். துரத்த வேண்டாம். ஒரு ஓரத்தில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, மறு ஓரம் வரை அது கடப்பதைப் பாருங்கள். குழாயைத் தொடாத அந்த நொடிகளில்தான் நுணுக்கம் தெரியும்.

முதலில் கோளத்துக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள கறுப்பு இடைவெளியைத் தேடுங்கள். அப்புறம் வளையத்தின் இரு முனைகளில் மெல்லிய கறுப்புக் கோடு: 1675இல் வானியலாளர் காசினி கண்ட இடைவெளி. இதற்கு 100 மி.மீ. கருவியும், வளையம் நன்றாகச் சாய்ந்திருப்பதும் தேவை. 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பியதால், ஏறக்குறைய பத்து மீட்டர் தடிமனே உள்ள அது மறைந்தே போனது. 1612இல் கலிலியோவைக் குழப்பியதும் இதேதான். இனி ஆண்டுக்காண்டு விரியும். 2032இல் மிக அகலமாகத் தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். திடமான வளையம் நிலைக்காது என்று 1859இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் காட்டினார். உள்பகுதி வேகமாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் ஓடுவதை 1895இல் வானியலாளர் கீலர், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் அளந்தார். நமக்கு போன் கால்குலேட்டர் போதும். மைமாஸ் என்ற நிலவு சனியின் மையத்திலிருந்து 1,85,500 கி.மீ. தொலைவில் 22.6 மணிக்கு ஒருமுறை சுற்றுகிறது. வளையத்தில் உங்களுக்கு வேண்டிய இடத்தின் தூரத்தை 1,85,500ஆல் வகுங்கள். வந்த எண்ணை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, மறுபடி 22.6ஆல் பெருக்குங்கள். சுற்றும் நேரம் கிடைத்துவிடும்.

காசினி இடைவெளிக்கு உள்ளே இருப்பதை பி வளையம் என்றும், வெளியே இருப்பதை ஏ வளையம் என்றும் சொல்வார்கள். பிரகாசமான பி வளையத்தின் உள்விளிம்பு 92,000 கி.மீ.: வகுத்தால் 0.496, வர்க்கமூலம் 0.704, முடிவு 7.9 மணி. ஏ வளையத்தின் வெளிவிளிம்பு 1,36,800 கி.மீ.: 14.3 மணி. சனியே தன்னைச் சுற்ற சுமார் பத்தரை மணி ஆகிறது. உள்பக்கம் சனியை முந்துகிறது, வெளிப்பக்கம் பின்தங்குகிறது. அதாவது, சனியின் மேகங்களில் மிதந்தபடி பார்க்க முடிந்தால், உள்பக்கக் கட்டிகள் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். வெளிப்பக்கக் கட்டிகள் கிழக்கே உதிக்கும். ஒரே வளையத்தில்!

பி வளையம் முடியும் 1,17,600 கி.மீ.க்கும் போட்டுப் பாருங்கள். 11.4 மணி, மைமாஸின் காலத்தில் ஏறக்குறையப் பாதி. அங்குள்ள கட்டி இரண்டு சுற்று முடிப்பதற்குள் மைமாஸ் ஒரு சுற்று வரும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இழுப்பு விழுந்து விழுந்து சேர்கிறது. அதனால்தான் அந்த விளிம்பு அங்கே வெட்டியதுபோல் நிற்கிறது, காசினி இடைவெளியும் அங்கிருந்தே தொடங்குகிறது. நீங்கள் பார்த்த கறுப்புக் கோட்டின் உள்கரை இதுதான்.

சனியைப் போலவே யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு. அவற்றைச் சிறு கருவியில் பார்க்க முடியாது. 1977 மார்ச்சில் அந்தக் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது ஒளி விட்டுவிட்டு மங்கியதை வைத்தே கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் உள்ள நம் காவலூர் வானியல் ஆய்வகத்திலும் அன்று அந்த மங்கலைப் பதிவுசெய்தார்கள். கணக்கு மட்டும் அதேதான். மைமாஸுக்குப் பதில் யுரேனஸின் நிலவான மிராண்டா: 1,29,900 கி.மீ., 33.9 மணி. அங்கே மிகப் பிரகாசமான எப்சிலான் வளையம் 51,150 கி.மீ.யில் இருக்கிறது. போட்டுப் பாருங்கள், 8.4 மணி வரும்.