சின்ன டாக்சிக்கு மஞ்சள் முதலில், கறுப்பு அப்புறம்

மாட்டுங்கா வீட்டில் எச்ஓ (1:87 அளவு) மாடல் ரயில் லேஅவுட் போட்டிருக்கிறேன். ஸ்டேஷன் வாசலில் கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சி நிற்காவிட்டால் அது பம்பாயே இல்லை (நிஜ வண்டிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன, மேஜை மேலாவது ஓடட்டும்). கார் வாங்கும்போது ஸ்கேல் பாருங்கள்: கிட்டத்தட்ட 3.9 மீட்டர் நீள பத்மினி 1:87-இல் 45 மில்லிமீட்டர்தான் வரும், கடையில் கிடைக்கும் 1:64 பொம்மை 61 மில்லிமீட்டர், ரயில் பக்கத்தில் நிறுத்தினால் லாரி மாதிரி தெரியும்.

பெயின்டில் நான் முதலில் செய்த தப்பு, முழுக்கக் கறுப்படித்துவிட்டு கூரைக்கு மஞ்சள் பூசியது. நாலு கோட் போட்டும் பாசிப்பச்சையாகவே நின்றது. வெள்ளை பிரைமர், அதன்மேல் மஞ்சள், நன்றாகக் காய்ந்ததும் கூரையில் மாஸ்கிங் டேப். அப்புறம் உடனே கறுப்புக்குப் போகாமல் டேப் ஓரத்தில் இன்னொரு மெல்லிய மஞ்சள் கோட் கொடுங்கள், இடுக்கில் கசிவது மஞ்சளாகவே இருக்கும் என்பதால் கறுப்பு உள்ளே புகாமல் கோடு கத்தி மாதிரி விழும்.

மழைக்கால ஈரத்தில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம், லாக்கர் பெயின்ட் பால் மாதிரி வெளுத்துவிடும். ஜன்னல் பிளாஸ்டிக்கை ஒட்ட சூப்பர் க்ளூவும் கூடாது, அதன் ஆவியில் பனி படர்ந்தாற்போல் மங்கிவிடும். வெள்ளை ஃபெவிகால் ஒரு துளி போதும், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது.