மூன்று கால் முயலை எப்போது விடுவது?

சேலம் அம்மாப்பேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பாடம். கணக்கு வராத பிள்ளையைச் சமாளித்துவிடலாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற பிள்ளையிடம்தான் தொண்டை வறண்டுவிடும்.

முதல் நாளே ஒரு சோதனை வைப்பேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். 21, 127, 3 லிட்டர் பிடிக்கும் மூன்று பாத்திரங்கள். 100 லிட்டர் அளக்க வேண்டும். 127இல் 21 போக, இரண்டு முறை 3 போக, வந்துவிடும். இதே வழியில் நாலைந்து கணக்கு. அப்புறம் 23, 49, 3 கொடுத்து 20 கேட்பேன். வகுப்பு மொத்தமும் 49இலிருந்து கழிக்க ஆரம்பிக்கும். 23இல் 3 போனால் முடிந்தது! உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட சோதனை இது; எண்கள் அவருடையவை, லிட்டர் என்னுடையது. சிலரை 'குருடாக இருக்காதே' என்று தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பலனும் இருந்தது. என் பிள்ளைகள் ஓரத்தில் 'கண்ணைத் திற' என்று எழுதுகிறார்கள்.

இதைத் திமிர் என்று நினைத்து அடிக்காதீர்கள். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், சீட்டுப் பிரிக்கும் சோதனையில் 'தப்பு' என்று சொன்ன பிறகும் பழையபடியே பிரித்ததை மூளை ஆய்வாளர் பிரெண்டா மில்னர் 1963இல் எழுதினார். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

பொதுத்தேர்வில் கணக்குத் தாளுக்கு மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். ஐந்து மதிப்பெண் கணக்குக்கு 9 நிமிடம். கணக்கில் இறங்குவதற்கு முன்பே மணியை ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு யாருக்கும் நேரம் தெரியாது. ஆறு நிமிடம் ஆனதும் கடைசி மூன்று வரியைப் பார்க்கட்டும். புதிதாக ஏதாவது கிடைத்திருந்தால் தொடரலாம். அதே சமன்பாட்டைத் திருப்பி எழுதியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். போகும்போது 'அடுத்து காரணிப்படுத்து' என்று ஒரு வரி அங்கேயே இருக்கட்டும். வேலை மாறினால் வேகம் குறையும் என்று 1927இலேயே ஜெர்சில்ட் என்ற உளவியலாளர் அளந்து காட்டியிருக்கிறார். அந்த ஒரு வரி இருந்தால் திரும்பி வந்து தடவ வேண்டியதில்லை.

போன வருஷம் வந்த ஒரு பெண் இதற்கு நேர் எதிர். இரண்டு வரி எழுதுவாள், பக்கத்தைத் திருப்புவாள். ஐந்து கணக்கும் அரைகுறை. அவளுக்குப் போய் 'கண்ணைத் திற' என்றால் என்ன ஆகும்? மற்ற கேள்விகளை ஒரு அட்டையால் மூடினேன். ஆறு நிமிடம் வரை அட்டையை எடுக்கக் கூடாது. முதல் வாரம் முறைத்தாள். மூன்றாம் வாரம் வீட்டிலிருந்து அவளே அட்டை கொண்டுவந்தாள். யாரோ சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகை, மூலையில் மஞ்சள் தடவியது.